விரிப்பின் இடது பாதி

காற்றை விற்றுப் பிழைக்கப் போகிறான் என்று உறவுக்காரர்கள் பதினோரு வருஷம் கேலி செய்தார்கள். அதில் பொய்யொன்றும் இல்லை. அவள் கணவர் செய்த தகட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு காற்றுதான். மீதி நாலு பங்கு, கண்ணாடி செய்கிற மணலில் இருக்கிற அதே சத்து. உள்ளங்கையில் வைத்தால் எதையோ வைத்த மாதிரியே இருக்காது. ஆனால் அடியில் நெருப்பைக் காட்டினால், மேலே வைத்த பனிக்கட்டி தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே சரிந்துவிட்டார். சாமான்கள், பட்டறை வாடகை, பாதி கம்பெனி எல்லாம் அவள் பேருக்கு வந்தன. மறு பாதி அவர் தம்பியுடையது. ஆறு வருஷம் அண்ணனோடு நின்று வேலை பார்த்த கொழுந்தன் அவன். அவளுக்கோ தொழில் வேறு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தால் ஒரு முழுப் பக்கத்தில் அதுதான் முதலில் அவள் கண்ணில் படும். அங்கே அவளுக்குப் பேரே 'புள்ளியக்கா'.

அன்றைக்கு முதலீடு செய்கிறவர் ஒருவர் வருவதாக இருந்ததால் அவள் விடுப்புப் போட்டிருந்தாள். பட்டறை என்பது முன்பு டயர்க் கிடங்காக இருந்த நீளமான கொட்டகை. வந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அடக்கமாக உட்காருவார் என்று கொழுந்தன் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். அவர் உட்காரவே இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தொட்டிகளை முகர்ந்தார்.

கொழுந்தன் தகட்டைத் தாங்கியில் வைத்து அடியில் அடுப்பைப் பற்றவைத்தான். மேலே ஒரு பனிக்கட்டி. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பனிக்கட்டியின் விளிம்பு கொஞ்சம் மினுங்கியது, அவ்வளவுதான். அந்த அம்மாள் விரலால் தகட்டின் மேற்புறத்தைத் தொட்டார். திரும்பத் தொட்டார். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"குளிர்சாதன லாரி, அடுப்புக் கதவு, வீட்டுச் சுவர்..." என்று தனக்குள்ளேயே அடுக்கினார். பிறகு, "ஒரு சின்ன சந்தேகம்," என்றார். "இது எப்ப செஞ்சது?"

"இதுவா மேடம்? போன வருஷம்."

"போன மாசம் செஞ்சது ஒண்ணு காட்டுங்களேன்."

கொழுந்தன் பனிக்கட்டியை எடுத்துக் கைத்துணியில் சுற்ற ஆரம்பித்தான். சுற்றி முடிகிற வழியாக இல்லை.

"தம்பி," என்றாள் அவள். "அந்தப் பெட்டியைக் கொண்டா."

"அண்ணி..."

"கொண்டா. அவங்க கண்ணுக்கு எப்படியும் தப்பாது."

பெட்டியில் நாற்பத்திரண்டு தகடுகள் இருந்தன. தகடு என்று சொல்வது மரியாதைக்கு. எல்லாம் விரிந்தும் உடைந்தும் கிடந்தன. அவர் போன பிறகு ஏழு தடவை, தடவைக்கு ஆறாக ஊற்றியது. ஒன்றுகூடத் தேறவில்லை. அதே மருந்து, அதே அளவு, அதே ஏழு நாள். ஊற்றியதும் பாகு மாதிரி உறைகிற தகட்டை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, அந்த ஸ்பிரிட் மெல்ல ஆவியாகிப் போகும்வரை தட்டுகளில் மூடிவைப்பார்கள். ஸ்பிரிட் போன இடத்தில் காற்று வந்து குடியேற வேண்டும். இப்போது குடியேற மறுத்தது.

அந்த அம்மாள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோபப்படவில்லை.

"தானே அழுக்கை நீக்கிக்கிற கண்ணாடின்னு ஒருத்தர் கொண்டுவந்தார். அவர் கையால பூசினா பளபளன்னு இருக்கும். வேற யார் பூசினாலும் ரெண்டு மழைக்குத் தாங்காது. அப்புறந்தான் புரிஞ்சுது, நான் பணம் போட்டது கண்ணாடி மேல இல்ல, அவர் கை மேல. அவருக்கே அது தெரியாது, பாவம்." துண்டைப் பெட்டியிலேயே வைத்தார். "இங்கயும் அதுதானோன்னு என் சந்தேகம். உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சது ஒரு பொருளா, இல்ல அவரோட கைராசியா?"

ஒரு மாதம் தருவதாகச் சொன்னார். அதற்குள் இந்தப் பட்டறையில், இந்தத் தட்டுகளில், ஒரு நல்ல தகடு வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் மாதக் கடைசியில் கொழுந்தன் பெயின்ட் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவான். அவர்கள் ஏற்கெனவே அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கார் போனதும் கொழுந்தன் சொன்னான், "பேரைப் பாருங்க, சின்னச் சந்தேகமாம். பெரிய சந்தேகம் வந்தா பட்டறையையே தூக்கிட்டுப் போயிடுவாங்க போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைராசி என்ற சொல் முள்ளாய்த் தைத்திருந்தது. கைராசியென்றால் அது அவரோடு போயிற்று; பதினோரு வருஷமும் உறவுக்காரர்கள் சொன்னதுதான் சரி. பொருளென்றால் அவர் போனாலும் அது இருக்க வேண்டும், எங்கேயாவது. பணம் வருமா வராதா என்பது கூட அவளுக்கு இரண்டாம் பட்சம். இது எது என்று தெரிய வேண்டும்.

அவளுக்கு வேதியியல் தெரியாது. தெரிந்ததெல்லாம் பிழை பார்ப்பது. மறுநாள் அச்சகம் விட்டதும் உருப்பெருக்குக் கண்ணாடியோடு பட்டறைக்கு வந்து, உடைந்த தகடுகளை மெய்ப்புத் தாள்கள் மாதிரி வரிசையாகப் பரப்பிக்கொண்டாள். ஒரு பிழை தனியாக வந்தால் அது கைத்தவறு. ஒரே பிழை பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது அவள் தொழிலில் பழைய பாடம்.

மூன்றாம் நாள் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. ஒவ்வொரு விரிசலும் ஒரு குழியிலேருந்து கிளம்புது. மிளகு அளவுக்குக் குழி."

"காயறப்ப விரியறதுதான் அண்ணி."

"காஞ்சு விரிஞ்சா ஓரத்துலேருந்துல்ல விரியணும்? இது நட்ட நடுவுல விரிஞ்சிருக்கு. மேலேருந்து என்னமோ விழுந்திருக்கு."

இரண்டு பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒழுக்கு இல்லை. மழையும் பெய்து மாதக்கணக்காகிறது. பிறகு அவள் பார்வை கீழே இறங்கித் தட்டுகளை மூடியிருந்த கண்ணாடி மூடிகளுக்கு வந்தது. புதிய மூடிகள், பளிச்சென்று. உட்புறத்தில் முத்து முத்தாய் வேர்த்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு முத்து பெருத்து, கனம் தாங்காமல் கழன்று, கீழே விழுந்தது.

"அட," என்றான் கொழுந்தன்.

"அடுப்படிக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். சுடுபாத்திரத்தை மூடினா மூடி வேர்த்து உள்ள சொட்டாதா? உங்கண்ணன் காலத்துலயும் இந்த மூடிதானா?"

"இல்ல அண்ணி. அவர் ஏதோ ஒரு பழந்துணியை விரிச்சு ஆறு தட்டையும் சேத்து மூடுவார். நோட்டுல 'மூடி வை'ன்னு மட்டுந்தான் எழுதியிருக்கார். அவர் போனப்புறம் நான் வேலையைத் திரும்ப ஆரம்பிக்கறப்ப அந்தத் துணியக் காணோம். யாரோ கை துடைக்க எடுத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன். வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டுமேன்னு கண்ணாடி வாங்கிப் போட்டேன்."

அவள் உடைந்த தகடுகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

அந்தத் துணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது அவர்கள் கட்டில் விரிப்பு. கல்யாணமான வருஷம் வாங்கியது. நீலக் கோடு போட்டது. பதினைந்து வருஷம் உழைத்தபின் ஒருநாள் சலவைக்குப் போய்த் திரும்பவில்லை என்று அவள் நினைத்து, சலவைக்காரரோடு சண்டை போட்டு, சலவைக் கடையையே மாற்றினாள். கணவர் அப்போது பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் இறந்த மூன்றாவது வாரம், மேஜையை ஒழிக்கப் பட்டறைக்கு வந்தபோது அது சுவரோரம் இரண்டு ஆணிகளில் மாட்டித் தொங்கியது. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. கொழுந்தன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, திருடி மாதிரி பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள். துவைக்கவில்லை. அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தாள். முடியாத நாட்களில் எடுத்து முகர்வாள். மேலே ஸ்பிரிட் வாடை. அதற்கு அடியில் அவர்.

ஆக, நாற்பத்திரண்டு தகட்டையும் கெடுத்தது அவள்தான்.

தெரிந்தும் அவள் அதைக் கொண்டுவரவில்லை. துணிதானே வேண்டும், எந்தத் துணியானால் என்ன என்று கடைக்குப் போய்ப் புதுப் பருத்தி விரிப்பொன்று வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டு ஆறு தகடு ஊற்றினார்கள். ஏழு நாள் கழித்துத் திறந்தபோது ஒரு குழி இல்லை. ஆனால் ஆறிலும் தலைமுடி போன்ற விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"கஞ்சி போகாத துணி. ஆவி வெளிய போக வழியில்லாம முட்டியிருக்கு," என்றான் கொழுந்தன். "அண்ணனோட துணி மாதிரி நைஞ்சதா இருக்கணும். அது இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்." சொல்லிவிட்டு, பெயின்ட் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் விரிப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

கொழுந்தன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்க இருந்துச்சு அண்ணி?"

"எங்கிட்டத்தான். சலவைக்காரரோட சண்டை போட்டேனே, அந்த விரிப்புதான் இது."

அவன் இரண்டு மூலைகளிலிருந்த ஓட்டைகளைச் சுவரோர ஆணிகளில் மாட்டி, அண்ணன் விரிப்பது போலவே ஆறு தட்டின்மேலும் விரித்தான். சுவர்ப்பக்கம் மூன்று, ஜன்னல்பக்கம் மூன்று. ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னான்: "அந்த சலவைக்காரர்கிட்ட ஒரு நாள் போய் மன்னிப்புக் கேட்டுடணும் நாம."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு.

திறக்கிற நாளன்று சந்தேகத்தம்மாளும் வந்துவிட்டார். கொழுந்தன் விரிப்பை விலக்கினான். சுவர்ப்பக்கத்து மூன்று தகடுகளும் பால் மாதிரி, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தன. அவன் ஒன்றை எடுத்துத் தாங்கியில் வைத்தான். நெருப்பு, பனிக்கட்டி, ஐந்து நிமிஷம். பனிக்கட்டி தன் பாட்டுக்கு இருந்தது.

கைராசி இல்லை, பொருள்தான் என்று கணவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றார் அந்த அம்மாள். "ஏன் மூணு?"

ஜன்னல்பக்கத்து மூன்றிலும் தலைமுடி விரிசல்.

"அது எப்பவும் அப்படித்தான் மேடம். அண்ணன் இருந்தப்பவும் ஆறுக்கு மூணுதான் தேறும். ஜன்னல் வெளிச்சம் படுதில்ல."

"ஜன்னலைத்தான் அட்டை வெச்சு மூடியிருக்கீங்களே."

"அது அண்ணன் வெச்சது. வெச்சும் கேக்கல." அவன் நோட்டை எடுத்துக் காட்டினான். பக்கத்துக்குப் பக்கம், 'ஆறுக்கு மூன்று' என்று எழுதியிருந்தது. நாலைந்து இடத்தில் அதன் பக்கத்தில் 'ஏன்?' என்று ஒற்றைச் சொல். ஓரிடத்தில் அதற்கு அடிக்கோடு இரண்டு.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக. "பாதி வீணாப்போற தொழில்ல யாரும் பிழைக்க முடியாது. அதைவிட, ஏன் வீணாகுதுன்னு தெரியாத தொழில்ல என்னால தூங்க முடியாது."

அவள் அதைக் கேட்டுக்கொண்டேதான் விரிப்பை மடிக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டுப் பழக்கம், முனையோடு முனை சேர்த்து. ஒரு பாதியில் சிவப்பு நூலில் இழையோட்டியிருந்தது கையில் நெருடியது. நீல நூல் தீர்ந்துபோன நாளில் அவளே தைத்தது. அவர் கால் கட்டைவிரல் நகம் கிழித்த இடம். அப்படியென்றால் அந்தப் பாதி அவர் படுக்கிற பக்கம். கட்டிலில் இடது பக்கம்.

மடிப்பதை நிறுத்தினாள். விரிப்பை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தாள். சிவப்புத் தையலிருந்த பாதி வழியாக எதிர்க் கடையின் படிகள், நிறுத்தியிருந்த சைக்கிள், அதன் கம்பிகள்கூடத் தெரிந்தன. மறு பாதி வழியாக வெளிச்சம் மட்டும் வந்தது.

"ஜன்னல் இல்ல," என்றாள். "துணி."

மற்ற இருவரும் வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள்.

"இந்தப் பக்கம் அவர் படுப்பார். ஒரு கணக்கு இடிச்சுதுன்னா ராத்திரி பூரா புரளுவார். பதினஞ்சு வருஷமாப் புரண்டு தேய்ச்சது இது. ஆணி ஓட்டை இந்த ஓரத்துல இருக்கறதால, இந்தப் பாதி எப்பவும் சுவர்ப்பக்கந்தான் வந்திருக்கு."

"இந்தப் பக்கம்?" என்றார் அந்த அம்மாள், கெட்டியான பாதியைத் தொட்டு.

"அது நான். படுத்தா கட்டை மாதிரி கிடப்பேன்."

"நீங்களும் கொஞ்சம் புரண்டிருந்தா ஆறும் தேறியிருக்குமே."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த அம்மாளும் தான் சொன்னதை நினைத்து ஒரு கணம் பதறினார். ஆனால் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அவசரப்படாதீங்க," என்றாள். "ஒரு தடவை ஒத்துப்போனா அதை நான் திருத்தம்னு எடுத்துக்க மாட்டேன். விரிப்பைத் திருப்பிப் போட்டுப் பாப்போம். நான் சொல்றது சரின்னா, இந்தத் தடவை ஜன்னல்பக்கம் தேறணும், சுவர்ப்பக்கம் கெடணும்."

அந்த ஏழு நாளும் அச்சகத்தில் அவள் இரண்டு பிழைகளை விட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் இல்லாத அதிசயம் என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் விரிப்பை விலக்கியபோது ஜன்னல்பக்கத்து மூன்றும் பாலாய்க் கிடந்தன. சுவர்ப்பக்கத்து மூன்றிலும் விரிசல்.

கொழுந்தன் அண்ணனின் நோட்டைத் திறந்து, இரண்டு அடிக்கோடு போட்ட அந்த 'ஏன்?' மீது விரலை வைத்தபடி நின்றான். அது தெரியாமலே அவர் போய்விட்டார். ஆறு வருஷம் பட்டறையில் தேடியதைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.

சந்தேகத்தம்மாள் ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்த்து முடித்தார்.

"என் சந்தேகம் தீரல," என்றார். "ஆனா இடம் மாறியிருக்கு. ஆள்லேருந்து துணிக்கு வந்திருக்கு. ஆளை அளக்க முடியாது, துணியை அளக்கலாம். ஒரு அங்குலத்துல எத்தனை இழை நிக்குது, எவ்வளவு தேஞ்சிருக்கு, எவ்வளவு ஆவி விடுது, இதெல்லாம் துணிச் சோதனைக்கூடத்துல சொல்லிடுவாங்க. அதே மாதிரி நெய்யச் சொல்லலாம், எத்தனை கெஜம் வேணும்னாலும். அது முடியும்னா ஆறு மாசத்துக்கு இந்தப் பட்டறையை நான் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் பெரிசா யோசிக்கலாம்."

"முடியலேன்னா?" என்றான் கொழுந்தன்.

"முடியலேன்னா உங்ககிட்ட இருந்தது ஒரு பழைய விரிப்பு. தொழில் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு. அவங்க இழையைப் பிரிச்சுத்தான் பாப்பாங்க. தோள்பட்ட இடம் ஒரு மாதிரி, கால்பட்ட இடம் ஒரு மாதிரி தேஞ்சிருக்கும். அந்தப் பாதி முழுசா வேணும். திரும்பி வராது."

கொழுந்தன் உடனே சொன்னான், "வெட்டிட்டா நமக்கு ஒண்ணுமே மிஞ்சாது மேடம். அவங்க தப்பா அளந்துட்டா? அண்ணி, வேணாம். இத வெச்சுக்கிட்டு வாரத்துக்கு மூணாவது போட்டுக்கிட்டிருப்போம்."

அவள் விரிப்பை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். இரண்டு தடவை தட்டுகளின்மேல் கிடந்ததில் ஸ்பிரிட் வாடை மட்டுந்தான் இருந்தது. அடியில் தேடினாள். இன்னும் கொஞ்சம் தேடினாள்.

"கத்திரி எங்க?" என்றாள்.

கொழுந்தன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நடுக் கோட்டைப் பார்த்து அவள் வெட்டினாள். நைந்த துணி, சத்தமே வரவில்லை. இடது பாதியை மடித்து அந்த அம்மாளிடம் நீட்டினாள். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, சிவப்புத் தையலைக் காட்டினார்.

"இந்த இடம் வேணாம். நூல் வேற, கணக்கைக் கெடுத்துடும். இதை மட்டும் நீங்க எடுத்துடுங்க."

உண்மையில் கணக்கு கெடுமா, அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தையலைச் சுற்றி உள்ளங்கை அளவு வெட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வாசல்வரை போன அந்த அம்மாளை அவளே கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஒரு சின்ன சந்தேகம்."

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மாளும் பார்த்தார்.

"அவங்க இழை பிரிக்கிறப்ப நான் பக்கத்துல இருந்து பாக்கலாமா?"

"தாராளமா. என்ன பாக்கணும் உங்களுக்கு?"

அவள் மேஜைமேல் கிடந்த மறு பாதியை எடுத்து, அழுத்தி மடித்து, அவரிடம் கொடுத்தாள்.

"என்னுதையும் அளக்கச் சொல்லுங்க. நானும் கொஞ்சமாவது தேஞ்சிருக்கேனான்னு தெரியணும்."